வத்தகப்பழத்தோடு மலையேறியவர்

அத்தான் மலையேறியபோது அவருடைய முதுகில் ஒரு வத்தகப்பழம் இருந்தது. எட்டுக் கிலோவுக்குக் குறையாத தர்ப்பூசணி. பழைய படுக்கை விரிப்பொன்றில் அதைச் சுற்றி, கன்வஸ் பையொன்றுக்குள் இறக்கி, பையை இரண்டு தோள்களிலும் மாட்டிக்கொண்டு, பாறையில் பல்லிபோல ஒட்டியபடி அவர் மேலே போனார். கீழேயிருந்து பார்த்த எனக்கு ஒரு மனிதன் ஏறுவதாகத் தெரியவில்லை. ஒரு பழம் தனக்குக் கீழே இரண்டு கால்களை முளைக்கவிட்டு ஏறிப்போவதாகத்தான் தெரிந்தது. இத்தனை வருடங்களுக்குப் பிறகும் அத்தான் என்று யாராவது சொன்னால் எனக்கு அவருடைய முகம் வருவதில்லை. அந்தப் பையும், அதற்குக் கீழே மடிப்புக் கலையாத கறுப்புக் கால்சட்டையும்தான் வருகின்றன. மலையேறுவதற்காக அவர் முதல்நாள் பின்னேரம் அந்தக் கால்சட்டைக்கு இரண்டு தடவை இஸ்திரி போட்டார்.

அவர் என் அக்காவின் கணவர். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் இத்தாலியின் பலெர்மோவுக்கு வந்து, லிபெர்த்தா வீதியில் ஒரு பெரிய வீட்டில் வேலைக்கு நின்றார். வீட்டுக்காரர் பாலங்கள் கட்டும் பொறியியலாளர். இத்தாலியர் படித்தவர்களைப் பட்டத்தைச் சொல்லித்தான் அழைப்பார்கள் என்பதால் அவர் எல்லோருக்கும் இன்ஜெனியேரே. அந்தச் சொல்லை உச்சரிக்கும்போது அத்தான் குரலைத் தாழ்த்துவார், மூலஸ்தானத்துக்கு முன்னால் நின்று கதைப்பவர்போல. அந்த வீட்டில் அவர் நிலம் துடைத்தார், ஜன்னல் துடைத்தார், இரண்டு நாய்களைக் காலையிலும் மாலையிலும் வெளியே கொண்டுபோனார். ஆனால் மத்திய ரயில் நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலேக்குப் பின்னால் எங்களுடைய ஆட்கள் கூடும் கடையில் அவர் சொன்ன உத்தியோகம் வேறு. அங்கே அவர் இன்ஜெனியேரேயின் உதவியாளர். "பாலத்துக்குப் படம் கீறினால் முதல் எனக்குத்தான் காட்டுறவர்" என்று சொல்லுவார். காட்டியிருக்கவும் கூடும், மேசையிலிருந்த படத்தைத் தூக்கிவிட்டுத் தூசு துடைக்க வேண்டியவர் இவர்தானே. நிலம் துடைப்பதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. இன்னொரு வீட்டில் நானும் அதைத்தான் செய்தேன். தன் கையிலிருந்த துணியை மறைத்துக்கொண்டு, அதே கடையில் மற்றவர்களைப் பார்த்து, "உவங்கள் வெள்ளைக்காரன்ரை கக்கூஸ் கழுவுறவங்கள்" என்று அவர் சிரித்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அக்கா அவருடைய பத்திரத்தில் வந்தவள். குடும்பத்தோடு சேருவதற்கென்று கொடுக்கிற பெர்மெஸ்ஸோ, வதிவிட அனுமதி. கணவனின் வேலை இருக்கும்வரை மனைவியும் நாட்டில் இருக்கலாம் என்பது அதன் பொருள். ஊரில் அவள் தபாற்கந்தோரில் தொலைபேசி இணைப்புக் கொடுத்தவள். ஒரே நேரத்தில் நாலு பேருடைய குரலைக் காதில் வாங்கி, நாலையும் குழப்பாமல் அனுப்பிப் பழகிய காது. வந்து ஒரு வருடத்துக்குள், வானொலியை மட்டும் கேட்டு, அத்தானைவிட நல்ல இத்தாலி மொழி கதைத்தாள். அத்தான் வினைச்சொற்களை விரிக்காமல் அகராதியில் இருப்பதுபோலவே வைத்துப் பேசுவார்: நான் போக, நீ வர, நாய் சாப்பிட. அக்கா திருத்தினால் முகம் கறுத்துவிடும். அவள் வேலைக்குப் போக வேண்டும் என்று கேட்டபோதெல்லாம் ஒரே பதில்தான். "என்ரை மனுசி ஆற்றையும் வீட்டிலை பாத்திரம் கழுவத் தேவையில்லை." அதைச் சொல்லிவிட்டு, தான் சாப்பிட்ட கோப்பையை அவளிடம் நீட்டுவார்.

எனக்கு வேலை எடுத்துத் தந்து என்னையும் இத்தாலிக்குக் கூப்பிட்டவர் அவர்தான். அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. அவர்களோடு, அவர்களுடைய ஆறு வயது மகளோடு, நிலையத்துக்குப் பின்னாலிருந்த இரண்டு அறை வீட்டில் இருந்தேன். நான் அவருக்கு நன்றியுள்ளவளாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள்; இருந்தும் பார்த்தேன். ஆனால் ஒருவர் செய்த நன்மையை அவரே வாரத்துக்கு ஒருதடவை எடுத்துத் தூசு தட்டி மேசையில் வைத்தால், அது சீக்கிரமே வெறும் மேசைச் சாமானாகிவிடும்.

ஒரு ஆனி மாதம், வேலை முடிந்து வந்த அத்தான் கதவடியிலேயே நின்று அறிவித்தார். "ஞாயிற்றுக்கிழமை இன்ஜெனியேரே எங்களைக் குடும்பத்தோடை மலையேற வரச் சொல்லியிருக்கிறார்." இன்ஜெனியேரேயும் அவருடைய நண்பர்கள் ஆறு பேரும் மாதத்தில் ஒரு ஞாயிறு ஏதாவதொரு மலையில் ஏறுவார்கள். இந்தத் தடவை பக்கத்து ஊரான பகேரியாவுக்குப் பின்னால், கடலைப் பார்த்து நிற்கும் மொட்டை மலை. "பெரிய ஆக்கள் எல்லாரும் வருவினம். மானமா உடுத்திக்கொண்டு வாங்கோ" என்றார். அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு, "ஏன் கூப்பிடுகினம்?" என்று மெதுவாகக் கேட்டாள். அத்தானுக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை. "ஏன் எண்டால்? மரியாதைக்குத்தான்."

மகளை மேல்மாடி வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் மூவரும் முதல் ரயிலில் பகேரியாவுக்குப் போனோம். மற்றவர்கள் மூன்று கார்களில் வந்தார்கள். காரில் இடமில்லை என்று இன்ஜெனியேரே முதல்நாளே வருத்தம் தெரிவித்திருந்தாராம். மலையடிவாரத்தில் கார்க் கதவுகள் திறந்தபோது, பின்இருக்கையில் இருவர் இருக்கும் இடத்தில் வத்தகப்பழம் இருந்தது. உருண்டுவிடாமல் அதற்கு இருக்கை வார் போட்டிருந்தார்கள். அதற்குப் பக்கத்தில் தட்டு நிறைய வேகவைத்த மாக்கரோனி, வைன் போத்தல்கள், பாண், பனிக்கட்டிப் பெட்டி. அப்போதுதான் எனக்கும் விளங்கியது. அக்காவுக்கு வீட்டிலேயே விளங்கியிருந்தது. மேலே ஏழு பேர் சாப்பிட வேண்டும். அதைக் கொண்டுபோக மூன்று முதுகுகள் வேண்டும். அத்தான் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, விருந்துக்கு வந்தவர்போல ஒவ்வொருவராகப் பார்த்துத் தலையசைத்தார். அவர்கள் ஒவ்வொருவராக அவருடைய கையில் ஒவ்வொரு பொதியைத் தந்தார்கள்.

அந்த மலையில் ஒரு மரம் இல்லை. முன்பு ஏதாவது இருந்திருந்தாலும் கோடைக்குக் கோடை பற்றும் நெருப்பு தின்று முடித்திருந்தது. சாம்பல் நிறப் பாறை, அதன் பிளவுகளில் ஊசிபோல காய்ந்த புல், கால் வைத்தால் சரிந்தோடும் சல்லிக் கல். அன்று ஷிரோக்கோ வேறு அடித்தது. ஆபிரிக்காப் பாலைவனத்திலிருந்து கடலைக் கடந்து வரும் அந்தக் காற்று வெக்கையை மட்டும் கொண்டுவருவதில்லை, மணலையும் கொண்டுவரும். வானம் காவி நிறமாகிவிடும். வாயை மூடிக்கொண்டிருந்தாலும் பல்லில் மண் நெருநெருக்கும். அப்படியொரு நாளில் மலையேறலாம் என்று நினைப்பதற்கு மனிதனுக்கு நிறைய ஓய்வும், ஏறாமல் வீட்டிலிருந்தால் யாரும் மதிக்கமாட்டார்கள் என்ற பயமும் வேண்டும். இன்ஜெனியேரே குழுவிடம் இரண்டும் தாராளமாக இருந்தன. முழங்கால்வரை உறை, கனத்த சப்பாத்து, தலைக்கவசம் எல்லாம் போட்டுக்கொண்டு ஒருவரையொருவர் படம் பிடித்தார்கள். அக்கா தேருக்குப் போட வைத்திருந்த புதுச் செருப்பைப் போட்டிருந்தாள். நான் துணிச் சப்பாத்து.

ஒரு மணித்தியாலம் நடந்தபின் பாதை முடிந்து பாறை தொடங்கியது. நாலு மாடி உயரத்துக்குச் செங்குத்துச் சுவர். இரண்டாம் உலக யுத்தகாலத்தில் மேலே காவல் நின்ற படையினருக்காக அதில் இரும்புக் கொம்புகளை அடித்து, பக்கத்தில் ஒரு கம்பிவடத்தை மேலிருந்து கீழ்வரை இழுத்துக் கட்டியிருந்தார்கள். கொம்பில் கால் வைத்து, வடத்தைக் கையால் பிடித்து ஏற வேண்டும். விழுந்தால் தாங்குவதற்கு இடுப்பில் ஒரு வார் கட்டி, வாரிலிருக்கும் கொளுக்கியை வடத்தில் மாட்டிக்கொள்வார்கள். அவர்கள் ஏழு பேருக்கும் வார் இருந்தது. மிகுதியாக இரண்டு கொண்டுவந்திருந்தார்கள். நாங்கள் மூன்று பேர்.

ஒன்றை அத்தான் வாங்கித் தன் இடுப்பில் கட்டினார். "நான்தானே பாரம் கொண்டுபோறன்" என்றார், யாரும் கேட்காமலே. மற்றதை ஒரு இளம் இத்தாலியன் சிரித்துக்கொண்டு வந்து என் இடுப்பில் மாட்டிப் பூட்டினான். இதை நான் மறைக்காமல் எழுத வேண்டும். அக்கா எனக்கு முன்னால் நின்றாள். அவளுடைய இடுப்பில் சேலைத் துணியில் தைத்த பாவாடையின் பட்டி மட்டும்தான் இருந்தது. அந்த வாரைக் கழற்றி அவளிடம் கொடுக்க எனக்கு ஒரு நிமிடம் போதும். நான் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டாம் என்று தீர்மானித்ததாகவும் ஞாபகம் இல்லை. என்னைச் சுற்றி அது இறுகியிருந்தது எனக்கு ஆறுதலாக இருந்தது, அவ்வளவுதான்.

பழத்தைத் தவிர மற்றப் பொதிகளை வாங்கிக்கொண்டு அவர்கள் ஏறி முடித்தபின் அத்தான் அக்காவை முதலில் ஏறச் சொன்னார். அவளுக்குப் பின்னால் அவர், அவருக்குப் பின்னால் நான். வடம் வெயிலில் கொதித்துக் கிடந்தது. அக்கா கைக்குட்டையைச் சுற்றிப் பிடித்தாள். பதினைந்தோ பதினாறோ கொம்பு ஏறினாள். அப்போது கடல் பக்கமிருந்து ஒரு காற்று வந்து பாவாடையை உயர்த்தி அவளுடைய முகத்தில் அடித்தது. கைக்குட்டை பறந்துபோனது. ஒரு செருப்பு கழன்று என் தோளில் பட்டுக் கீழே போனது. அது எங்கேயோ விழுந்த சத்தம் கேட்க வெகுநேரம் எடுத்தது. அதற்குப் பிறகு அக்கா அசையவில்லை. நெற்றியைப் பாறையில் வைத்து, இரண்டு கைகளாலும் அந்தச் சுடுகம்பியைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"இஞ்சாருங்கோ, எனக்கு ஏலாது" என்றாள். குரலில் அழுகை இல்லை. ஒரு தகவல்போலத்தான் சொன்னாள்.

மேலேயிருந்து இன்ஜெனியேரே எட்டிப் பார்த்து, வா வா, என்ன பிரச்சினை என்று கூப்பிட்டார். யாரோ சிரித்தார்கள். அத்தான் மேலே பார்த்து, "நியெந்தே, நியெந்தே" என்று கத்தினார். ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை. பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு தமிழில், "அவையள் பாக்கினம். என்ரை மானத்தை வாங்காதை. ஏறு" என்றார்.

"கால் வருதில்லை. என்னைப் பிடிச்சு இறக்கிவிடுங்கோ."

"நான் பாரத்தோடை நிக்கிறன். தெரியேல்லையே?"

அதன்பின் அவர் செய்ததை நான் மூன்றடி கீழே நின்று பார்த்தேன். அவர் தன்னுடைய கொளுக்கியைக் கழற்றி, அக்காவைச் சுற்றிக் கையை நீட்டி, அவளுக்கு மேலே வடத்தில் மாட்டினார். அவளுடைய கைக்குப் பக்கத்தில் ஒரு காலை வைத்தார். மற்றக் காலைத் தூக்கும்போது பை சரிந்து பழம் அவளுடைய தலையில் இடித்தது. "தலையைக் குனி" என்றார். அவள் குனிந்தாள். அவர் அவளைத் தாண்டி ஏறிப் போனார். திரும்பிப் பார்க்கவில்லை. மேலே கை கொடுத்து இழுத்தார்கள். பை திறக்கிற சத்தம், பிறகு எல்லோரும் சேர்ந்து கை தட்டுகிற சத்தம். வத்தகப்பழம் முழுதாக வந்து சேர்ந்துவிட்டது.

"அங்கையே இருங்கோ, வாறன்" என்று அவருடைய குரல் மட்டும் கேட்டது.

அக்காவை நான்தான் இறக்கினேன். இறக்கினேன் என்பதும் பெரிய சொல். அவளுடைய பாதத்தைக் கையால் பிடித்து ஒவ்வொரு கொம்பிலும் வைத்தேன். மிச்சத்தை அவள் செய்தாள். மூன்று நாலு கொம்புக்கு ஒருதடவை நின்று மூச்சு வாங்கினாள். கீழே வந்து கையை விரித்தபோது இரண்டு உள்ளங்கையிலும் தோல் வெந்து கோடாகியிருந்தது. வடத்தின் கம்பிப் பிசிறுகள் ஏறி இரத்தம் கசிந்தது. நான் அழுதேன். "இப்ப என்னத்துக்கு அழுறாய்?" என்று கேட்டாள். வாரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்கும் சொல்லவில்லை, பிறகும் இல்லை. அவள் கேட்டிருந்தால் நான் மன்னிப்புக் கேட்டிருப்பேன், எனக்குப் பாரம் இறங்கியிருக்கும். அவள் கேட்காததால், அத்தானை இகழ்வதில் நான் கூடுதல் ஊக்கம் காட்டினேன். அந்த வேலை சுலபமாகவும் இருந்தது. அவர் ஒவ்வொரு நாளும் புதிதாக ஏதாவது தந்துகொண்டேயிருந்தார்.

அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டுப் போனவரை நாங்கள் ஒரு மணித்தியாலம் பார்த்தோம். நிழல் என்று ஒன்றில்லை. தண்ணீர்ப் போத்தல்கள் எல்லாம் மேலே போயிருந்தன. திடீரென்று அக்கா எழும்பினாள். மிச்சமிருந்த செருப்பையும் கழற்றி எறிந்தாள். "வா, போவம்" என்றாள். "அத்தான் தேடுவாரெல்லோ?" என்றேன். "தேடட்டும்" என்றாள். அவருடைய சொல்லை அவள் மீறியதை நான் பார்த்த முதல் தடவை அது. வெறுங்காலோடு அந்தக் கல்லுப் பாதையில் எனக்கு முன்னால் இறங்கிப் போனாள்.

மலை முடிகிற இடத்தில் முதலாவது வீடு, பழைய மாளிகையொன்றின் உடைந்து மிஞ்சிய ஒரு பக்கம். முற்றத்தில் ஒரு கிழவி குழாயால் எலுமிச்சை மரங்களுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றாள். எழுபது வயதுக்கு மேல் இருக்கும்; ஒல்லி, வாயில் அணைந்த சிகரட். அக்கா படலையில் நின்று இத்தாலி மொழியில், ஒரு பிழையில்லாமல், குடிக்கத் தண்ணீர் கேட்டாள். கிழவி குழாயைக் கீழே போட்டாள். அவளுக்கு முதலில் கண்ணில் பட்டது அக்காவின் கைகள். கேள்வி கேட்காமல் உள்ளே கூட்டிப்போய், மேசையிலிருந்த விளக்கை இழுத்து, சாவணத்தால் பிசிறுகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். நாற்பது வருடம் பகேரியாவில் மருந்துக்கடை நடத்தியவளாம். களிம்பு பூசிக் கட்டிமுடித்த பிறகுதான் கேட்டாள்.

"இந்தக் காற்றில் உங்களை மேலே அனுப்பியது யார்?"

அக்கா சுருக்கமாகச் சொன்னாள். வத்தகப்பழம் வந்த இடத்தில் கிழவி கையை உயர்த்தி நிறுத்தினாள்.

"பழத்தையா? மேலேயா? கீழே வெட்டித் தின்றால் இனிக்காதாமா?"

அக்கா சிரித்தாள். அந்த வருடத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. கிழவி சிரிக்கவில்லையே தவிர, வாயைக் கோணினாள். "நான் பிறந்ததிலிருந்து இந்த மலைக்குக் கீழே இருக்கிறேன். ஒருநாளும் ஏறியதில்லை. அங்கே மேலே ஒன்றுமில்லை. அதனால்தான் ஏறுகிறவர்கள் எல்லாவற்றையும் கீழேயிருந்து கொண்டுபோகிறார்கள்" என்றாள். பிறகு அக்காவிடம், இத்தாலி எங்கே படித்தாய், வாசிப்பாயா, மருந்துச் சீட்டு வாசிப்பாயா என்று வரிசையாகக் கேட்டாள். மேசையிலிருந்த ஒரு தாளை நீட்டினாள். அக்கா வாசித்தாள். தனக்குக் கண் மங்கி வருகிறது, பகலில் வந்து வீட்டைப் பார்த்து, பத்திரிகை வாசித்துக் காட்டி, கடிதம் எழுத ஓர் ஆள் வேண்டும், அரசாங்கத்தில் ஒழுங்காகப் பதிந்து வேலைக்கு எடுப்பேன் என்றாள். அக்கா கட்டுப்போட்ட கைகளை மடியில் வைத்துக்கொண்டு, "வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்" என்றாள்.

அத்தான் பின்னேரம் மூன்று மணிபோல வந்து சேர்ந்தார். முகம் சிவந்திருந்தது, வைன் மணத்தது. கையில் ஈயத்தாளில் சுற்றிய ஒரு துண்டு வத்தகப்பழம். எங்களுக்காம். "அங்கை இருக்கச் சொன்னனானெல்லோ? ஏன் கண்ட கண்ட வீடு வழிய திரியிறியள்?" என்றார். பிறகு கிழவியைக் கண்டு குரலை மாற்றி, தான் இன்ஜெனியேரேயின் உதவியாளர் என்று அறிமுகம் செய்தார். கிழவி அவரைச் சப்பாத்திலிருந்து தலைவரை பார்த்தாள். "ஓ, பழம் கொண்டுபோனவர்" என்றாள். அத்தான் மகிழ்ந்துபோய்த் தலையசைத்தார். தன்னுடைய புகழ் தனக்கு முன்னால் இறங்கி வந்துவிட்டது என்று நினைத்தார். அந்த நாளுக்குப் பிறகு இன்ஜெனியேரேயின் நண்பர்கள் அவரை மெல்லோனே என்று கூப்பிடத் தொடங்கினார்கள். வத்தகப்பழம் என்பதுதான் அர்த்தம். அதையும் அவர் பட்டமாகத்தான் எடுத்துக்கொண்டார்.

வேலைக்குப் போவது பற்றி அக்கா அன்றிரவு கேட்டாள். வழக்கமான பதில் வந்தது. அவள் போய்ப் படுத்தாள்.

இரண்டு கிழமை கழித்து மகளுடைய பிறந்தநாள். இரண்டு அறைக்குள் முப்பது பேர். ரோல்ஸ், கேக், பழரசம். அத்தான் நடுவில் கதிரை போட்டு உட்கார்ந்து மலைக் கதையைத் தொடங்கினார். கடையில் நாலைந்து தடவை சொல்லி அது நன்றாகத் தேய்ந்து வழுவழுப்பாகியிருந்தது. அந்தக் கதையில் காற்று புயலாகியிருந்தது. அக்கா மயங்கியிருந்தாள். அவர் அவளைத் தோளில் போட்டு ஒற்றைக் கையால் வடத்தைப் பிடித்துக் கீழே இறக்கி, நிழலில் கிடத்தி, முகத்துக்குத் தண்ணி தெளித்து, பிறகு திரும்ப ஏறியிருந்தார். "இன்ஜெனியேரேக்குக் குடுத்த வாக்கெல்லோ" என்றார். அந்த மலையில் இல்லாத நிழலைக்கூட அவர் உண்டாக்கியிருந்தார்.

 வாயைத் திறக்கப் போனேன். அதற்குள் வந்திருந்தவர்களில் ஒரு மனுசி அக்காவைப் பார்த்து, "அப்பிடியே பிள்ளை?" என்று கேட்டாள். தட்டோடு நின்ற அக்கா சபையை ஒருதடவை பார்த்தாள்.

"ஓம். இவர்தான் இறக்கினவர்."

அத்தான் அவளை நிமிர்ந்து பார்த்தார். அவ்வளவு அன்போடு அவர் அவளைப் பார்த்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. அக்கா தொடர்ந்து சொன்னாள்.

"கீழை கொண்டுவந்து விட்டிட்டு இவர் ஒரு கதை சொன்னவர். நீ வீட்டுக்குள்ளையே இருக்கிறபடியாத்தான் உப்பிடிப் பயப்பிடுறாய், வெளியிலை போய் நாலு சனத்தோடை பழகு, ஒரு வேலைக்குப் போ எண்டு. நான்தான் மாட்டன் எண்டனான். இவர் விடேல்லை. பகேரியாவிலை ஒரு மருந்துக்கடைச் சின்னோராவோடை கதைச்சும் விட்டிட்டார். வாற திங்கள் துவங்கிறன்."

சபை அத்தானைப் பாராட்டியது. மனிசன் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று ஒருவர் சொன்னார். எங்களுடைய ஆண்களில் எத்தனை பேருக்கு இந்த மனம் வரும் என்று இன்னொருவர் கேட்டார்.  அத்தானால் என்ன செய்ய முடியும்? தான் அப்படிச் சொல்லவில்லை என்றால், அவள் பொய் சொல்கிறாள் என்றாகும். அவள் பொய் சொல்கிறாள் என்றால், அவர் தோளில் தூக்கிய கதையும் பொய்யாகும். கடைசியில் மெதுவாகத் தலையை ஆட்டினார். "ஓம், காலத்துக்கேத்தமாதிரி நாங்களும் மாறத்தானே வேணும்" என்றார்.

சமையலறையில் நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். "ஏனக்கா பொய் சொன்னனீ? எல்லாற்றை முன்னாலையும் அவற்றை மூஞ்சியைக் கிழிச்சிருக்கலாமே."

"கிழிச்சுப்போட்டு?" என்றாள். "நாளைக்கும் இதே வீட்டிலை அதே மூஞ்சியைத்தானே பாக்கவேணும். எனக்கு வேலை வேணும், அவருக்குக் கதை வேணும். வைச்சிருக்கட்டும்." சொல்லிவிட்டுக் கேக் வெட்டும் கத்தியைக் கழுவினாள்.

எனக்கு அப்போது அவள்மீதும் இகழ்ச்சி வந்தது. உண்மை அவளுக்குப் பெரிதில்லையா என்று நினைத்தேன். நான் நினைத்த உண்மை, அத்தான் கூனிக்குறுகி நிற்கும் ஒரு நிமிடம் மட்டும்தான். அவள் அதைவிட நீண்ட கணக்கில் யோசித்தாள். திங்கட்கிழமை காலை ரயிலில் பகேரியாவுக்குப் போனாள். கிழவி சொன்னபடியே அவளைப் பதிந்து எடுத்தாள். அடுத்த வருடம் பத்திரம் புதுப்பிக்கும் காலம் வந்தபோது அக்கா குவெஸ்தூரா என்கிற பொலிஸ் தலைமையகத்துக்குத் தனியாகப் போய், விடியலிலிருந்து வரிசையில் நின்று, தன்னுடைய சொந்த வேலையின் பேரில் தனக்கு ஒரு பெர்மெஸ்ஸோ எடுத்தாள். வீட்டுக்கு வந்து அதை அலுமாரியில் தன் சேலைகளுக்குக் கீழே வைத்தாள். அத்தானுக்குச் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. மனைவியின் பத்திரம் தன்னுடைய பத்திரத்துக்குள் எங்கேயோ மடிந்து கிடக்கும் என்பதே அவருடைய எண்ணம்.

தொண்ணூறுகள் முடிகிற காலத்தில் இன்ஜெனியேரே மிலானுக்குக் குடிபெயர்ந்தார். நாய்களையும் அத்தானையும் கூட்டிக்கொண்டு போவதாக முடிவு. அத்தான் அதைக் கடையில் பதவி உயர்வாக அறிவித்தார். வீட்டில் வந்து, "ரெண்டு மாசத்திலை வீடு பாத்திட்டு அறிவிக்கிறன். நீங்கள் சாமானைக் கட்டுங்கோ" என்றார்.

"நான் வரேல்லை" என்றாள் அக்கா.

அவர் சிரித்தார். "வராமல்? என்ரை பத்திரம் மிலானுக்கு மாறினால் உன்ரை பத்திரத்துக்கு என்ன நடக்கும் எண்டு தெரியுமே?"

அவள் எழும்பிப் போய் அலுமாரியைத் திறந்து, அந்தத் தாளைக் கொண்டுவந்து அவருக்கு முன்னால் வைத்தாள். அவர் வெகுநேரம் பார்த்தார். அவருக்கு இத்தாலி வாசிப்பது எப்போதும் சிரமம். கடைசியில், "ஆர் எடுத்துத் தந்தது?" என்று கேட்டார். அது அவருடைய மூளைக்கு எட்டிய ஒரே கேள்வி. யாரோ ஓர் ஆண் எடுத்துக் கொடுத்திருக்க வேண்டும்.

"நான்தான். பிள்ளையின்ரை பள்ளிக்கூடம் இஞ்சை. என்ரை வேலை இஞ்சை. நீங்கள் போட்டு வாங்கோ."

சண்டை நடக்கும் என்று எதிர்பார்த்தேன். நடக்கவில்லை. மலைக்கு மேலிருந்து யாரோ பார்த்துக்கொண்டிருந்தால்தான் அவருக்கு வீரம் வரும். நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்த அறையில் அவர் சேட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். மறுநாள் கடையில், மனைவியைப் பலெர்மோவில் தானே நிறுத்திவிட்டுப் போவதாகவும், பிள்ளையின் படிப்புக்காகச் செய்கிற தியாகம் என்றும் சொன்னாராம்.

ஸ்தாசியோனே சென்ட்ராலேயில் ஒரு பகல் வேளையில் அவரை வழியனுப்பினோம். அதே மடிப்புக் கலையாத கால்சட்டை. மகளைக் கட்டிப்பிடித்தார். ரயில் அசையத் தொடங்கும்போது ஜன்னலால் தலையை நீட்டி என்னைக் கூப்பிட்டார். "உன்ரை அக்காவைக் கவனமாப் பாத்துக்கொள். அவள் பயந்த பிள்ளை. மலையிலை நான் இல்லாட்டி அண்டைக்கு முடிஞ்சிருக்கும்." அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் அதில் அருவருப்பான விடயம். அத்தனை தடவை சொன்னதில் அவருக்கே அது நடந்ததாகிவிட்டது. கண் கலங்கியிருந்தது. நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் கையசைத்துக்கொண்டு நின்றாள்.

இப்போது மகள் பலெர்மோவில் மருந்தாளராக இருக்கிறாள். கிழவி இறந்து வெகுகாலமாகிவிட்டது. அத்தான் மிலானில் ஒற்றை அறையில் தனியாக இருக்கிறார். இன்ஜெனியேரேயும் இல்லை, நாய்களும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவுக்குத் தொலைபேசி எடுப்பார். எந்தக் குளிசையைச் சாப்பாட்டுக்கு முன் போடுவது, எதைப் பின் போடுவது என்று அவள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுப்பாள். எழுதிவைத்துக்கொள்ளச் சொல்வாள், திரும்ப வாசித்துக் காட்டச் சொல்வாள். நான் பக்கத்திலிருந்தால் தொலைபேசியில் அவருடைய குரல் கேட்கும். இன்னும் அதே குரல். யாரோ பெரிய மனிதர் தன்னிடம் வந்து ஆலோசனை கேட்ட கதை.

போன ஞாயிறும் எடுத்தார். அவள் அரை மணித்தியாலம் கதைத்துவிட்டு வைத்தாள். என்னால் அடக்க முடியவில்லை. "அந்த மனுசனோடை இவ்வளவு நேரம் கதைக்க உன்னாலை எப்பிடி ஏலுது? உனக்குக் கொஞ்சமும் வெறுப்பு வரேல்லையே?" என்று கேட்டேன். முப்பது வருடமாக மனதுக்குள் வைத்திருந்த கேள்வி.

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். 

"எனக்கெங்கை நேரம் இருந்தது?" என்றாள். "காலமை பகேரியா, பின்னேரம் பிள்ளை, பேந்து சமையல். அந்த வேலையை நீதானே எனக்கும் சேத்துச் செய்தனீ. ஒருநாளும் லீவு எடுக்காமல்."

சொல்லிவிட்டு எழும்பித் தேத்தண்ணிக்குக் கேத்திலை வைக்கப் போனாள்.